மிஷன் ஆஸ்பத்திரியின் பேரேடு

மைசூரின் வடமேற்கே உள்ள ஹெப்பாளில் பரிசோதனைக்குக் கிளம்பும் கர்ப்பிணியின் கைப்பையில் மறக்காமல் இருப்பது தாயி கார்டு. கர்நாடக அரசு கொடுக்கும் அந்த அட்டையில் ரத்த அழுத்தத்துக்கு ஓர் இடம், சிறுநீரில் ஆல்புமினுக்கு ஓர் இடம். "பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்காதா என்ன" என்று வீட்டுப் பெரியவர்கள் சமாதானம் சொல்லும் வேளையில், இருபது வாரத்துக்குப் பிறகு 140/90ஐத் தொட்டுவிட்ட அழுத்தமும் சிறுநீரில் இறங்கும் புரதமும் வேறு சேதி சொல்லும். டாக்டர்கள் ப்ரீஎக்ளாம்சியா என்பார்கள். வலிப்பு வந்துவிட்டால் அது எக்ளாம்சியா.

பிரசவத்தை எழுதிவைக்கும் பழக்கம் மைசூருக்குப் புதிதல்ல. மண்டி மொஹல்லாவில் 1906இல் திறக்கப்பட்ட ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையை ஊர் இன்றும் 'மிஷன் ஆஸ்பத்திரி' என்றே அழைக்கிறது. 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு எல்லாம் பேரேட்டில் ஏறின. பிறந்த ஈரம் காயுமுன் குழந்தையைத் தராசில் கிடத்தி, பவுண்டு கணக்கில் குறித்துக்கொண்ட கைகள் அவை. ஹெப்பாள் அப்போது ஏரிக்கரைக் கிராமம்.

அறுபது ஆண்டு கழித்து அந்தப் பேரேடு பேசியது. 1934க்கும் 1954க்கும் இடையில் அங்கே பிறந்தவர்களில் 517 பேரைக் கண்டுபிடித்துச் சோதித்தார்கள். டேவிட் பார்க்கர், கரோலின் ஃபால் உள்ளிட்ட குழு 1996இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டது. பிறந்தபோது இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவோ இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயத் தமனி நோய், 3.2 கிலோவும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 3 சதவீதம்தான். கர்ப்பத்தில் எடை குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளிடமும் நோய் கூடுதலாக இருந்தது. கருப்பையில் கழிந்த மாதங்கள் ஐம்பது வயது இதயத்தில் தெரிகின்றன என்பதற்கு இந்தியாவிலிருந்து கிடைத்த அருமையான சான்று இது.

எக்ளாம்சியா வலிப்போடு மருத்துவம் போராடிய கதைக்குச் சென்னை எழும்பூருக்குப் போக வேண்டும். அங்கிருந்த அரசு மகப்பேறு மருத்துவமனையில் எம்.கே. கிருஷ்ண மேனன் குளோர்ப்ரோமசின், ப்ரோமெதசின், பெத்திடின் மூன்றையும் சேர்த்து ஒரு சிகிச்சை முறையை வகுத்து, 1961இல் அதைப் பற்றி எழுதினார். 'மேனன் முறை' பல காலம் புழக்கத்தில் இருந்தது. பின்னர் இந்தியாவும் பங்கெடுத்த பன்னாட்டு ஆய்வு, வலிப்பு திரும்ப வராமல் தடுப்பதில் மெக்னீசியம் சல்பேட்டே சிறந்தது என்று 1995இல் காட்டியது. இன்றும் அந்த மருந்தைத் தரும் நர்ஸ், ஒவ்வொரு வேளை ஊசிக்கு முன்பும் முழங்காலைத் தட்டிப் பார்க்கிறார். கால் துள்ளினால்தான் அடுத்த ஊசி. மூச்சின் எண்ணிக்கையும் சிறுநீரின் அளவும் சரியாக இருக்க வேண்டும்.

ஆனால் ப்ரீஎக்ளாம்சியா ஏன் வருகிறது? எழும்பூர் மருத்துவமனை மாணவர்களுக்குப் பாடம் சொல்வது சென்னை மருத்துவக் கல்லூரிக்காக. அந்தக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற அனந்த் கருமாஞ்சியும் சக ஆய்வாளர்களும் 2003இல் ஒரு முக்கியமான விடையைத் தந்தார்கள். நஞ்சுக்கொடி அளவுக்கு மீறிச் சுரக்கும் ஒரு புரதம் தாயின் ரத்தத்தில் கலந்து, ரத்தநாளங்களைப் பேணும் பொருள்களைப் பிடித்து முடக்கிவிடுகிறது. அதைக் கர்ப்பிணி எலிகளுக்குச் செலுத்தியபோது அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது. புரதத்தின் பெயர் எஸ்ஃப்ளிட்-1. அதன் மரபணுவான எஃப்எல்டி1 இருப்பது 13ஆம் குரோமோசோமில். அந்தக் குரோமோசோம் மூன்றாக இருக்கும் கருவைச் சுமக்கும் தாய்க்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். 2017இல் வந்த பெரிய மரபணு ஆய்வும் தாயினதை அல்ல, கருவின் எஃப்எல்டி1 அருகிலுள்ள மாற்றங்களையே சுட்டியது. தன்னால்தான் வந்தது என்று மருகும் தாய்க்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் புரதத்தைச் சுரக்கும் நஞ்சுக்கொடிக்கும் வயதாகிறது; முதுமை மரபணுக்கள் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். நஞ்சுக்கொடியின் வெளிப்போர்வை, தனித்தனி உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவாவது. அப்படி இணைந்தவை மறுபடி பிளவுபடுவதில்லை; பி53, பி21, பி16 போன்ற, உயிரணுவை மூப்படையச் செய்யும் மரபணுக்கள் அங்கே விழித்துக்கொள்கின்றன. பத்து மாதம் வேலை பார்த்து ஓயப் பிறந்த உறுப்புக்கு அந்த மூப்பு இயல்பு. ப்ரீஎக்ளாம்சியாவிலோ அது முன்கூட்டியே வந்துவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. குரோமோசோம் நுனிகளில் தொப்பி போலிருக்கும் டெலோமியர் இந்த நஞ்சுகளில் குட்டையாகத் தென்பட்டிருக்கிறது. இல்லாமற்போனால் சுண்டெலி சீக்கிரமே கிழடுதட்டிவிடும் என்று ஜப்பானில் 1997இல் கண்டறியப்பட்ட க்ளோத்தோ மரபணுவையும் நஞ்சில் தேடுகிறார்கள். முடிவுகள் இன்னும் ஒன்றுபோல் இல்லை.

நஞ்சு விழுந்ததும் பெரும்பாலும் அழுத்தம் இறங்கிவிடும். ஆனால் இந்த நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. நாற்பத்தைந்து வயதில் நெஞ்சு அடைக்கிறது என்று வருபவரிடம் "முதல் பிரசவத்தில் பிரஷர் இருந்ததா?" என்று டாக்டர் கேட்டால், ஹெப்பாள் வீட்டு பீரோவில் மடித்துவைத்த தாயி கார்டில் பதில் இருக்கும்.