கூப்பிடாத ஊர்: தங்கவயலுக்குப் போனவர்கள் குறித்துச் சில குறிப்புகள்

என் அப்பாவைப் பெற்ற பாட்டி, குடியாத்தம் பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து முப்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிக் கோலார் தங்கவயலுக்குப் போனவள். தாத்தாவுக்கு அங்கே மைனில் அண்டர்கிரவுண்டு வேலை. ஊரை விட்டுவிட்டு, பாஷை வேறு, ராஜா வேறு என்றிருந்த இடத்துக்கு எதற்காகப் போனீர்கள் என்று பாட்டியை நான் கேட்டது என் கல்லூரி நாட்களில். பஞ்சம், பட்டினி, கூலி என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது இது: 'அங்க யாரும் கூப்புட மாட்டாங்கடா. சங்கு ஊதுனா போவணும், சங்கு ஊதுனா வரணும். நடுவுல எவனும் வாசல்ல வந்து நின்னு ஏய்னு கூப்புட மாட்டான்.'

அப்போது நான் மார்க்சியப் படிப்பு வட்டம் ஒன்றில் இருந்தேன். பாட்டி சொன்னதைத் 'தவறான உணர்வுநிலை' என்று வகைப்படுத்தி மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். ஆலைச் சங்கு என்பது மூலதனத்தின் குரல். மனிதனின் காலத்தைத் துண்டு துண்டாக வெட்டி விலைக்கு வாங்கும் கருவி. இப்படித்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. எட்வர்ட் தாம்சன் 1967-ல் எழுதிய, காலமும் வேலை ஒழுங்கும் பற்றிய கட்டுரையைப் பிற்பாடு படித்தபோதும் இதே முடிவுதான் உறுதிப்பட்டது. கடிகாரம் வருவதற்கு முன்பு ஆங்கிலேயக் கைவினைஞனுக்குத் தன் வேலைநேரம் தன் கையில் இருந்தது, தொழிற்சாலை அதைப் பறித்தது என்பார் தாம்சன். சரிதான். ஆனால் பறிகொடுப்பதற்குத் தன் கையில் நேரம் என்று ஒன்று முன்னாலேயே இருந்திருக்க வேண்டுமே? பண்ணையாளுக்கு அது ஏது? விடியலுக்கு முன்பும் கூப்பிடுவான், இழவுக்கும் கூப்பிடுவான், செத்த மாட்டைத் தூக்கவும் கூப்பிடுவான். கூப்பிட்ட குரலுக்கு ஓடுவதே அவன் காலம். அதை விட்டுவிட்டு எட்டு மணிக்கோ பத்து மணிக்கோ ஊதி, ஊதி முடித்த பிறகு உன்னை விட்டுவிடும் ஒரு யந்திரத்தின் பக்கத்தில் போய்க் குடியிருப்பது என்பது வேறு விஷயம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷம் பிடித்தது.

இடப்பெயர்வு பற்றிய நம் வரலாற்றெழுத்தில் 'தள்ளும் காரணிகள், இழுக்கும் காரணிகள்' என்றொரு சூத்திரம் உண்டு. பஞ்சம் தள்ளியது, கூலி இழுத்தது. 1876-78ன் தாது வருஷப் பஞ்சத்தை எழுதி, பக்கத்திலேயே சுரங்கத்தின் கூலி விகிதத்தையும் எழுதிவிட்டால் கதை முடிந்தது. நடுவில் இருக்கும் மனிதன், சரிவில் உருளும் கூழாங்கல். அவனுக்கென்று ஒரு யோசனை, ஒரு கணக்கு இருந்திருக்கும் என்ற எண்ணமே இந்தச் சூத்திரத்தில் கிடையாது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் நம் தமிழ்ப் பெருமிதக்காரர்கள் எழுதும் கதை: மண்ணைப் பொன்னாக்கிய தமிழன். அதில் மனிதன் இருக்கிறான், ஆனால் அவனுக்குச் சாதி கிடையாது. அவன் ஏன் தமிழ் மண்ணிலேயே பொன் விளைவிக்காமல் மைசூர் ராஜ்யத்துக்கு ஓடினான் என்ற கேள்வியும் கிடையாது.

கொஞ்சம் விவரம். கோலாரில் பழைய காலத்துச் சுரங்கக் குழிகள் இருப்பது தெரிந்து, 1870-களில் லெவெல் என்ற ஓய்வுபெற்ற ஐரிஷ் சிப்பாய் தோண்ட அனுமதி வாங்கினார். 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தது. மெட்ராஸிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு ரயில் 1864-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. 1894-ல் பவுரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காரப்பேட்டை) மாரிக்குப்பம் வரை கிளைப் பாதையும் வந்தது. வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து ஒரு நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம். இதைச் சாதாரணத் தகவலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே சேரிகளிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தேயிலைக்கும் போனவர்கள் உண்டு. போனவர்கள் திரும்புவது நிச்சயமில்லை. தங்கவயலுக்குப் போனவன் அறுப்புக்கு வரலாம், சாவுக்கு வரலாம், பிடிக்காவிட்டால் வந்தேவிடலாம். பண்ணையாருக்குப் பிடிக்காத ஒரு பட்டணம், நடந்தும் ரயிலிலும் எட்டிவிடும் தூரத்தில் திடீரென்று முளைத்துவிட்டது. போகாமல் ஊரிலேயே தங்கியவனுக்கும் அதனால் ஒரு தெம்பு வந்திருக்கும்: 'ரொம்பப் பேசுனா மைனுக்குப் போயிடுவேன்' என்று சொல்லலாம் இல்லையா.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் இருபதாயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை பார்த்தார்கள். பாறைக்கு உள்ளே இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கத்துத் தாழ்த்தப்பட்டவர்கள். மேலே கார்ன்வால் தேசத்து வெள்ளைக்கார மைனர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், காவலுக்குப் பஞ்சாபிகள். சாதி ஒழிந்த ஊர் என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வேலையின் உயரமும் ஆழமுமே சாதியின் உயரமும் ஆழமுமாக இருந்தது. சர்க்கார் ரிகார்டுகளும் கம்பெனி ரிகார்டுகளும் இந்த மனிதர்களைக் 'கூலி' என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொண்டன.

இனி மலிவைப் பற்றி. தங்கவயல் மலிவான ஊர் என்பது எங்கள் குடும்பத்தில் வேதவாக்கு. கம்பெனி கொடுக்கும் 'லைன்' வீடு. மூங்கில் தட்டி, மேலே தகரம். ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கும். வாடகை சொற்பம். விறகு, தண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் கம்பெனியைச் சுற்றியே. ஆனால் யாருக்கு மலிவு? வீடு மலிவாக இருந்தால் கூலியையும் மலிவாக வைத்துக்கொள்ளலாம் என்பது லண்டன் பங்குதாரருக்குத் தெரியாதா என்ன. ஷாப்டுக்குப் பக்கத்திலேயே ஆளைக் குடிவைத்தால் சங்கு ஊதியதும் ஆள் வந்து நிற்பான். வேலை போனால் வீடும் போகும் என்பதால் வாயைத் திறக்க யோசிப்பான். மலிவான வீடு என்பது சம்பளத்தின் ஒரு பகுதி மட்டுமல்ல, கண்காணிப்பின் ஒரு பகுதியும்தான். இதோடு, கணக்கில் வராத இன்னொரு மலிவும் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த கேழ்வரகு மூட்டை, பிரசவத்துக்கு ஊருக்குப் போன பெண்கள், வேலைக்கு ஆகாமல் போனதும் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட உடல்கள். உழைப்பாளியை வளர்த்த செலவும் புதைத்த செலவும் வட ஆர்க்காட்டுச் சேரியின் தலையில். கம்பெனி நடுவில் உள்ள வருஷங்களை மட்டும் வாங்கிக்கொண்டது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் பாட்டியின் கணக்கு தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவள் ஒப்பிட்டது இரண்டு கூலிகளை அல்ல. படியளக்கும் ஒருவனையும் காசு கொடுக்கும் ஒருவனையும். படியில் அளந்து போடும் தானியத்தோடு ஒரு வசவும் சேர்ந்து விழும். மரக்காலின் விளிம்பில் விரலை வைத்து அளப்பதை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காசுக்கு முகம் கிடையாது. அதை எடுத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போய் (பிரிட்டிஷ் ரெசிடெண்ட் டொனால்ட் ராபர்ட்சன் பெயரில் அமைந்த பேட்டை) சர்க்கரை வாங்கலாம், சாயம் போகாத சேலை வாங்கலாம், செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு அதே தெருவில் நடக்கலாம். 'செருப்புப் போட்டுக்கினு நடந்தேன்' என்பதைப் பாட்டி சொல்லும்போதெல்லாம் காலை லேசாக நீட்டிக் காட்டுவாள். வட்டிக்கடைக்காரனிடம் அவர்களும் மாட்டிக்கொண்டார்கள். கடன் இல்லாத ஊர் இல்லை அது. ஆனால் கடன்காரனுக்கு வட்டிதான் வேண்டும், அவன் பிள்ளை மாடு மேய்க்க வேண்டும் என்று கேட்க மாட்டான்.

காசோடு கூட வந்தது வாசிப்பு. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. 1907-ல் சென்னையில் தொடங்கிய அவருடைய 'தமிழன்' இதழை, அவர் 1914-ல் இறந்து பல வருஷங்களுக்குப் பிறகு, 1926-லிருந்து ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மறுபடி நடத்தினார். சாம்பியன் ரீஃபில் சித்தார்த்த புத்தகசாலை நூல்கள் வெளியிட்டது. கன்னட ராஜ்யத்துக்குள், பூமிக்கடியில் வேலை செய்பவர்கள் சந்தா கட்டித் தமிழ்ப் பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள்! நம்முடைய நவீன தமிழ் இதழியல் வரலாறுகள் மயிலாப்பூரையும் கும்பகோணத்தையும் சுற்றி வந்துகொண்டிருந்தபோது இந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 1999-ல் ஞான. அலாய்சியஸ் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் பலருக்குக் கண் திறந்தது. எனக்கும்தான்.

1930-ம் வருஷத்து வேலைநிறுத்தத்தை நான் இந்தப் பின்னணியில்தான் பார்க்கிறேன். அப்போது தங்கவயலில் தொழிற்சங்கம் கிடையாது. ஒவ்வொரு தொழிலாளியும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஏற்பாடு வந்தது. தங்கத் திருட்டைத் தடுப்பதற்கு என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு இறங்க மறுத்துவிட்டார்கள். பல நாட்கள் நீடித்த அந்த வேலைநிறுத்தத்தின் முன் கம்பெனிகள் இறங்கிவந்தன. (மைசூர்த் தொழிலாளர் வரலாறு பற்றி 1998-ல் வந்த ஜானகி நாயரின் நூல் இதை விரிவாகப் பேசுகிறது.) கூலி உயர்வுக்காக அல்ல, ரேகைக்காக நடந்த போராட்டம் இது என்பது பழைய மார்க்சியர்களைச் சங்கடப்படுத்தும். என் வாசிப்பு இப்படி: ஊரை விட்டு வந்தவனிடம் இருந்த ஒரே சொத்து, இங்கிருந்தும் போய்விடலாம் என்பதுதான். ஒரு மைனில் சண்டை என்றால் அடுத்த மைனில் வேறு பெயர் சொல்லிச் சேரலாம். ஊரில் அவன் பெயரையும் அப்பன் பெயரையும் சாதியையும் எல்லோரும் அறிவார்கள். கூப்பிடுவதற்கு அதுதானே வேண்டும். இங்கே அவனை அறியாமல் இருந்தார்கள். ரேகையைக் கொடுத்தால் மறுபடியும் கூப்பிடத் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் கொடுத்த விலையைச் சொல்லாமல் விட்டால் நானும் பெருமிதக்காரர்கள் பக்கம் போய்விடுவேன். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து 148 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள், இந்தச் சுரங்கங்களுக்காகவே. பெங்களூர்த் தெருவிளக்கு எரிந்தது 1905-ல்தான். பாட்டியின் லைன் வீட்டில் அவள் போன காலத்திலும் சிம்னி விளக்குதான். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃபில் பாறை சூடேறி இருக்கும், திடீரென்று வெடித்துச் சிதறும். 1940-க்கும் 1946-க்கும் இடையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்த ஆய்வில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருப்பது தெரியவந்தது. கல்தூசி நுரையீரலில் படிந்து இறுகும் நோய். 1946 நவம்பரில் போராடிய தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நூற்றிருபது வருஷத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் வெளியே போனது. சயனைடு மேடுகள் மட்டும் அங்கேயே நிற்கின்றன. காற்றடித்தால் வெள்ளையாகத் தூசி பறக்கும்.

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962-ல் மத்திய அரசு. அதே 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் வந்தன. சமஸ்தானத்துக்குப் போனவர்கள் இருந்த இடத்திலேயே 'வேற்று மாநிலத்தவர்' ஆனார்கள். கம்யூனிஸ்ட், குடியரசுக் கட்சி, அண்ணா தி.மு.க. என்று கர்நாடக சட்டமன்றத்துக்கு விநோதமான உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது அந்தத் தொகுதி. 1991 டிசம்பரில் காவிரியை வைத்துப் பெங்களூரில் தமிழர் குடிசைகள் எரிந்தபோது, 'நாம எந்த ஊரு?' என்ற கேள்வி எங்கள் அத்தை வீட்டிலும் எழுந்தது. பதில் யாரிடமும் இல்லை. குடியாத்தத்தில் எங்களுக்கு நிலம் இருந்ததில்லை, சேரியில் இருந்த ஒரு குடிசையும் எப்போதோ இடிந்துவிட்டது.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. சங்கு நின்றுபோனது.

இப்போது மாரிக்குப்பத்திலிருந்து விடியலில் கிளம்பும் பாசஞ்சரில் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போய், ராத்திரி திரும்புகிறார்கள். போக நூறு கிலோமீட்டர், வர நூறு கிலோமீட்டர். சில வருஷங்களுக்கு முன் அத்தை மகனோடு அந்த வண்டியில் போனேன். அவனுக்கு ஒரு பெரிய கட்டடத்தில் காண்டிராக்ட் வேலை, துப்புரவுப் பிரிவில். பெண்கள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டு வந்தார்கள், சிலர் கீரை ஆய்ந்துகொண்டு வந்தார்கள். இந்த அலைச்சலுக்குப் பெங்களூரிலேயே ஒரு வீடு பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

'அங்க வாடகை குடுத்துட்டு எதைத் தின்றது மச்சான்? இங்க லைன் வீடு கீது. தண்ணி இல்லாட்டியும் வீடு கீது.'

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. சூப்பர்வைசர். யாரோ வரவில்லையாம், ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம். எழுந்து நின்று கன்னடத்தில் 'சரி சார், சரி சார்' என்றான். உட்கார்ந்தான். பத்து நிமிஷத்தில் மறுபடி அடித்தது.