உதவிக்குத் தகுதி வேண்டுமா?



இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகின்றன. மாரியம்மன் கோயிலால் புகழ்பெற்ற ஊர் அது. ஆறுகள் இரண்டு கூடினாலும், சுற்றியுள்ள நிலம் வானம் பார்த்த கரிசல் பூமியே. மழை பொய்த்தால் உழவனுக்கு வேலையில்லை. மழை விடாது பெய்தால், வெயிலை நம்பிய பட்டாசுத் தொழிலாளிக்கு வேலையில்லை. 2018 அக்டோபரில் பட்டாசில் பேரியம் உப்புகள் சேர்ப்பதை உச்ச நீதிமன்றம் தடை செய்தபின், சிவகாசி வட்டாரத்து ஆலைகள் பல, மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கூலி நின்றால் அடுப்பும் அணைந்துவிட வேண்டுமா என்ற கேள்வி இங்கே வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

இதற்கு விடையாகச் சிலர் கூறுவதே அனைவருக்கும் அடிப்படை வருமானம். ஏழை, செல்வர் என்று பிரிக்காமல், வேலை உண்டா இல்லையா என்று கேளாமல், ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் மாதந்தோறும் ஒரு தொகை அளிப்பது என்பது இதன் பொருள். இந்திய அரசின் 2016-17ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை இதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கியது. இது நல்ல கொள்கைதானா? நம் வரலாற்றையே சாட்சிக்கு அழைப்போம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. தாது வருஷப் பஞ்சம் என்று மக்கள் அதனைக் கூறுவர். செலவு மிகுகின்றது என்று கருதிய சர் ரிச்சர்டு டெம்பிள், 1877இன் தொடக்கத்தில், நிவாரண வேலை செய்வோரின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்ற அளவிற்குக் குறைத்தார். அது உயிர் தரிக்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். வந்தவன் உண்மையில் வறியவன்தானா என்று சோதிப்பதே அன்றைய ஆட்சியின் பெருங்கவலை. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர்.

மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் நம் மக்கள் இந்தச் சோதனையை அறியார். பாத்திரத்தோடு வந்தவர் எவராயினும் ஓர் அகப்பை உண்டு.

நம் அரசாங்கங்களும் இந்த வழியில் சில அடிகள் நடந்தன. விருதுநகரில் பிறந்த காமராசர், முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 1997இல் மத்திய அரசு பங்கீட்டு முறையை வறுமைக் கோட்டிற்குக் கீழ், மேல் எனப் பிரித்தபோது, தமிழ்நாடு அந்தக் கோட்டைப் பின்பற்றவில்லை. அரிசி வேண்டிய அட்டைதாரர் யாவர்க்கும் அரிசி அளித்தது. கோடு கிழித்தால் ஏழையே முதலில் விடுபடுகிறான் என்பதே இதன் நியாயம்.

2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய் வழங்கிற்று. ஆனால் அதற்கு வருமானம், நிலம், மின்நுகர்வு ஆகிய தகுதிகள் விதிக்கப்பட்டன. ஏறத்தாழ 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்தனர். தொடக்கத்தில் தேர்வானவர் சுமார் 1.06 கோடிப் பேர். பெயரில் உரிமை இருந்தது. வாயிலில் சோதனை நின்றது.

இலவசப் பணம் மக்களைச் சோம்பேறிகளாக்கும் என்பர் சிலர். 2011-12இல் மத்தியப் பிரதேசச் சிற்றூர்களில், சேவா என்னும் மகளிர் தொழிற்சங்கம் ஊரார் அனைவர்க்கும் மாதத் தொகை அளித்துப் பார்த்தது. மக்கள் உழைப்பைக் கைவிடவில்லை. கால்நடை, விதை வாங்கிச் சொந்தத் தொழிலைப் பெருக்கினர்.

செலவு பற்றிய தடை இதனினும் வலியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள் 7.21 கோடி. ஒவ்வொருவருக்கும் மாதம் 1,000 ரூபாய் என்றால், ஆண்டிற்கு 86,520 கோடி ரூபாய். இது 1.06 கோடி மகளிர்க்கு ஆகும் ஆண்டுச் செலவைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. இதற்காக அரிசியையும் சத்துணவையும் நிறுத்திவிட்டுப் பணமாகத் தரலாம் என்போர் உண்டு. இதனை நான் ஏற்கமாட்டேன். விலை ஏறினால் பணம் சுருங்கும். தட்டிலிட்ட சோறு சுருங்காது.

எனவே என் முடிவு இது. உணவையும் கல்வியையும் பறித்துத் தரும் அடிப்படை வருமானம் தீய கொள்கை. அவற்றின் மேல் படிப்படியாக எழுப்பப்படுவது நல்ல கொள்கை. 2012 செப்டம்பர் 5இல், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கையில் சிறிது பணம் உள்ள தொழிலாளி, ஆபத்தான கொட்டகையைக் கண்டு, “இங்கே வேலை செய்யமாட்டேன்” என்று சொல்ல இயலும். முன்பணத்திற்குக் கட்டுண்டவன் அவ்வாறு சொல்வது அரிது. அந்த ஒரு சொல்லைச் சொல்லும் துணிவை அளிப்பதற்காகவேனும், இக்கொள்கையைப் பற்றி நீங்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.