பருவகாலப் பணியாளர்களுக்கான இணையவழிப் பயிற்சி

பருவகாலப் பணியாளர்களுக்கான இணையவழிப் பயிற்சி என்பது ஆண்டின் சில மாதங்களுக்கு மட்டும் வேலைக்கு அமர்த்தப்படும் தொழிலாளர்களுக்குப் பணிமுறை, பாதுகாப்பு, தொழிலாளர் உரிமைகள் முதலியவற்றைக் கணினி அல்லது கைப்பேசி வழியாகக் கற்பிக்கும் முறையாகும். ஆட்கள் ஆண்டுதோறும் மாறுவதாலும் வேலைக்காலம் குறுகியது என்பதாலும் செலவைக் குறைப்பது இங்கு முதன்மை பெறுகின்றது.

பின்னணி

எளாவூர், திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்து, ஆந்திர எல்லைக்கு அருகே அமைந்துள்ள ஊராகும். சென்னை - கூடூர் இருப்புப்பாதையும் தேசிய நெடுஞ்சாலை 16-உம் இவ்வழியே செல்கின்றன. இத்தொழிற்பகுதியின் ஆலைகளில் வடமாநிலத்தவர் பலர் பணிபுரிகின்றனர். மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா முதலிய மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் குடும்பத்துடன் வருகின்றனர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தொடங்கும் சூளை வேலை கோடை இறுதிவரை நீடிக்கும். இவர்களுட் பலருக்குத் தமிழ் தெரியாது, எழுத்தறிவும் குறைவு. எனவே தமிழில் அச்சிட்ட கையேட்டினால் பயன் சிறிதே.

குறைந்த செலவு முறைகள்

* கட்டற்ற மென்பொருள்: 2002-இல் வெளிவந்த மூடுல் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. வழங்கி வாடகையும் பராமரிப்பும் மட்டுமே செலவாகும்.
* குறுங்காணொளி: ஓரிரு நிமிடங்களில் ஒரு செயலை மட்டும் காட்டுவது. படத்தை ஒருமுறை எடுத்து, குரலை மட்டும் ஒடியா, இந்தி, தமிழ் என மாற்றினால் போதும். வாட்சப் வழியாக இதனைப் பகிரலாம்.
* இணைய இணைப்பற்ற முறை: கோலிப்ரி போன்ற மென்பொருளில் பாடங்களை ஒரு கணினியில் சேமித்து, உள்ளக வைஃபை வழியாகக் கைப்பேசிகளுக்கு வழங்கலாம். இதற்குத் தொழிலாளரின் இணையத் தரவு செலவாவதில்லை.
* குரல்வழிப் பாடம்: இதற்குச் சாதாரணக் கைப்பேசியே போதும். தொழிலாளர் "மிஸ்டு கால்" கொடுத்தால் கணினி திரும்ப அழைத்துப் பாடத்தை ஒலிக்கும். அழைப்புச் செலவு நடத்துபவரைச் சாரும். 2009-இல் தில்லியில் தொடங்கப்பட்ட கிராம்வாணி நிறுவனத்தின் மொபைல் வாணி இம்முறையில் இயங்குவதாகும்.
* அரசுத் தளங்கள்: 2017-இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் தளத்தில் பாடங்களை இலவசமாகக் கற்கலாம். ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை பல வாரங்கள் நீள்வதால் பருவகாலப் பணிக்கு எளிதில் பொருந்துவதில்லை.

நேரத்தின் விலை

மென்பொருள் இலவசமானாலும் பயிற்சி நேரம் இலவசமன்று. சூளைகளில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு எனக் கூலி கணக்கிடப்படுவதால், பயிற்சிக்குச் செல்லும் ஒவ்வொரு மணி நேரமும் குடும்பத்தின் வருவாயைக் குறைக்கின்றது. முன்பணம் பெற்று வந்தவர்களுக்கு அக்கடன் தீரும் நாளும் தள்ளிப்போகின்றது. ஓய்வு நேரத்தில் பாடம் பார்க்கச் சொல்வதும் செலவைக் குறைப்பதன்று. அதனைத் தொழிலாளரின் மீது ஏற்றுவதே ஆகும். எனவே பயிற்சிக்கான கூலியையும் சேர்த்தே இத்தகைய திட்டத்தின் செலவைக் கணக்கிட வேண்டும்.

வரம்புகள்

உலை, பளுதூக்கி, அழுத்து இயந்திரம் போன்றவற்றை இயக்கக் காணொளி மட்டும் போதாது. அனுபவம் உள்ள ஒருவர் உடன்நின்று பழக்க வேண்டும். பாடம் முழுவதும் ஓடி முடிந்தது என்னும் பதிவு, அது புரிந்தது என்பதற்குச் சான்றாகாது. தொழிலாளர் தம் மொழியில் சொல்லியோ செய்தோ காட்டுவதே நம்பத்தக்க தேர்வாகும்.

இவற்றையும் பார்க்க

* மின்கல்வி
* மூடுல்
* செங்கல் சூளை
* கும்மிடிப்பூண்டி