சரக்கேற்றிய கைகள்: சென்னைத் துறைமுக வரலாற்றில் நம் மக்கள்

கடல் வாணிகம் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் நிலத்திலிருந்து கடலுக்கும் கடலிலிருந்து நிலத்திற்கும் செல்லும் பொருள்கள் மலைபோற் குவிந்து கிடந்ததையும், அவற்றின்மீது சோழரின் புலிச் சின்னம் பொறிக்கப்பட்டதையும் பட்டினப்பாலை கூறுகின்றது. அம்மூட்டைகளைத் தோளில் சுமந்தவர் எவர்? மரக்கலத்தின் அடிவயிற்றில் இறங்கி அவற்றை அடுக்கியவர் எவர்? அவர்தம் பெயர் எங்கும் இல்லை. வரலாறு வணிகனை நன்கு அறியும். மாலுமியை ஓரளவு அறியும். சரக்கை அடுக்கியவனை அறியாது.

சென்னைத் துறைமுகத்தின் வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டுள்ளது. ஆளுநர், பொறியாளர், கப்பற் கம்பெனியார் பெயர்களெல்லாம் ஏடேறியுள்ளன. செங்கற்பட்டு, வட ஆர்க்காடு மாவட்டச் சேரிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்து அத்துறைமுகத்தில் உழைத்த நம் மக்கள் ‘கூலிகள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டனர். நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அவர்கள் செய்த தொழில் எத்தகையது, அதற்குரிய அறிவு யாது, அத்தொழில் நம் கையை விட்டு நழுவியது எங்ஙனம் என்பவற்றை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

துறைமுகம் இல்லாத துறை

1639இல் ஆங்கிலக் கம்பெனியார் சென்னையில் நிலம் பெற்றபோது இங்கே துறைமுகம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து மசூலாப் படகுகளே சரக்கைக் கரை சேர்க்கும். ஆணி அறையாமல், பலகைகளைக் கயிற்றுக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். படகைச் செலுத்தியோர் மீனவ மக்கள். கரையில் தலைச்சுமை தூக்கிய கூலி மக்களில், கோட்டையை அடுத்துத் தோன்றிய பறைச்சேரிகளில் வாழ்ந்த நம் முன்னோரும் இருந்தனர்.

சரக்கைப் பேணும் கலைக்குச் சென்னை கண்ட வியத்தகு சான்று ஒன்றுண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து பனிக்கட்டியை ஏற்றிவந்து இந்தியாவில் விற்றார் பிரடெரிக் டியூடர் என்னும் வணிகர். 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பிய முதற் கப்பலில் ஏற்றிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. நான்கு திங்கள் வெப்பக் கடலிற் பயணம் செய்தும் அது எஞ்சியது எப்படி? கட்டிகளைச் சதுரமாக அறுத்து, இடைவெளியின்றி நெருக்கி அடுக்கி, சுற்றிலும் மரத்தூளிட்டுக் காற்றுப் புகாமற் காத்தனர். மந்திரம் ஒன்றுமில்லை, அடுக்கிய முறையே காரணம். சென்னையிலும் 1842இல் அப்பனிக்கட்டிக்கென ஐஸ் ஹவுஸ் எழுந்தது. இன்று அது விவேகானந்தர் இல்லம்.

இதே கடற்கரை மற்றொரு காட்சியையும் கண்டது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது கப்பல்களில் வந்திறங்கிய தானிய மூட்டைகள் மணலில் மலையெனக் குவிந்து கிடந்தன. உள்நாட்டிலோ மக்கள் பசியால் மடிந்தனர். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியை அப்பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டியவர்கள் பட்டினியால் வாடிய ஏழைகளே. சரக்கு இருந்தும் அது சேரவேண்டிய வயிற்றைச் சேராத கொடுமையை அக்கரை மணல் அறியும்.

1861இல் இரும்புத் தூண்களின்மேல் அமைந்த பாலத்துறை வந்தது. 1875இல் செயற்கைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. எழும்பி வந்த அலைதாங்கிச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. 1904 முதல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தலைமையில் வாயில் வடகிழக்காகத் திருப்பப்பெற்றுத் துறைமுகம் உருப்பெற்றது. அதன்பின் கப்பல் கரையோரமாகவே வந்து நின்றது. நம் மக்கள் அதன் கிடங்குகளுள் இறங்கினர்.

அடுக்கும் அறிவு

கப்பலில் சரக்கேற்றுவது தூக்கிப் போடும் வேலை என எண்ணுவோர் பலர். மாட்டு வண்டி ஓட்டியவர் அறிவர், முன்பாரம் பின்பாரம் என்பதை. முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து இறங்கும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பும். கப்பலுக்கும் இவ்விதி உண்டு. அதனினும் நுண்ணிய விதிகளும் உண்டு. கனத்த சரக்கு முழுவதும் மேலே இருந்தால் ஒரு பக்கம் சாய்ந்த கப்பல் நிமிர்ந்தெழத் தயங்கும். அலை பெரிதானால் கவிழும். முழுவதும் அடியில் இருந்தாலோ வெடுக்கு வெடுக்கென்று ஆடி, கட்டிய கயிறுகளை அறுத்துச் சரக்கைச் சிதறடிக்கும். இரண்டிற்கும் நடுவே நிற்பதுதான் திறமை.

மூட்டைகள் கப்பலின் இரும்புச் சுவரைத் தொடலாகாது. வெப்பக் கடலிலிருந்து குளிர்க் கடலுக்குச் செல்லும்போது இரும்பு வியர்க்கும். அந்நீர் சொட்டி அரிசி பூசணம் பிடிக்கும். ஆகையால் அடியிலும் பக்கத்திலும் பலகையும் பாயும் இட்டு இடைவெளி விடுவர். இதனை ‘டன்னேஜ்’ என்பர். மூட்டை வரிசைகளுக்கு நடுவே காற்று செல்ல வழி விடுவர். தேயிலை அயல்நாற்றத்தை ஈர்க்கும். எனவே அதனருகே தோலோ மண்ணெண்ணெயோ வைத்தல் கூடாது. முதலில் இறங்கவேண்டிய சரக்கு இறுதியில் ஏறவேண்டும்.

அஸ்தினாபுரத்து வாசகர்களுக்குத் தோலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அண்மையிலுள்ள குரோம்பேட்டை என்ற பெயரே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்பார் நடத்திய குரோம் தோல் தொழிற்சாலையினால் வந்தது. முதல் உலகப் போரின்போது சென்னை மாகாணத்துப் பதனிட்ட தோல்கள் பிரிட்டிஷ் படையினரின் காலணிகளுக்காகக் கப்பலேறின. தோலைத் தொட்டவனைத் தீட்டு என்றது இந்நாடு. அத்தோல் விற்ற பணத்தை அவ்வாறு சொல்லவில்லை. பதனிட்ட கையும் கப்பலில் அடுக்கிய கையும் பெரும்பாலும் ஒரே மக்களின் கைகளே என்பதை நினைவிற் கொள்க.

1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. தென் புறநகர் உழைப்பாளர்க்குத் துறைமுகம் அன்றாடம் சென்று திரும்பும் தொலைவாயிற்று. அங்கே மேஸ்திரியின் கீழ் ‘கேங்கு’ கேங்காக இறங்கியோர் மேற்கூறிய விதிகளை ஏட்டிற் படித்தவரல்லர். விஞ்சின் ஓசையிலும், ஸ்லிங்கின் ஆட்டத்திலும், மூட்டையின் ஈரத்திலும் அவற்றைக் கற்றனர். ஆயினும் கூலிப் பட்டியலில் அவர்கள் ‘திறனற்ற தொழிலாளர்’ என்றே குறிக்கப்பட்டனர்.

அறிவு மீறப்பட்ட நாள்

இவ்வறிவை மீறினால் நேர்வது யாது என்பதற்கு 1944 ஏப்ரல் 14ஆம் நாள் சான்று. அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக வீற்றிருந்த காலம். அன்று அவரது 53ஆம் பிறந்த நாளும் ஆகும். பம்பாய் விக்டோரியா கப்பல் துறையில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற கப்பல் நின்றது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் இருந்தது. கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் அதே கிடங்குகளில் அடுக்கப்பட்டிருந்தன. பஞ்சும் வெடிமருந்தும் அருகருகே! அக்கப்பலிலேயே பொன் கட்டிகளும் இருந்தன. அவற்றை மட்டும் எஃகுப் பெட்டகத்துள் வைத்துக் காத்திருந்தனர்.

நண்பகல் உணவுக்குப் பின் கிடங்கிற்குத் திரும்பிய தொழிலாளர் புகையைக் கண்டனர். மாலை நான்கு மணியளவில் கப்பல் வெடித்தது; சிறிது நேரத்தில் மீண்டும் வெடித்தது. துறையும் சுற்றுப்புறமும் எரிந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தீயணைப்பு வீரர் மட்டும் 66 பேர். அவர்கள் நினைவாகவே ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாளாக நாடெங்கும் போற்றப்படுகிறது. பொன்னுக்குக் கிடைத்த பாதுகாப்பில் ஒரு பங்கு மனிதருக்கும் கிடைத்திருந்தால் இப்பேரழிவு நேர்ந்திராது.

சட்டம் வந்த வழி

பாதுகாப்பு தானாக வருவதில்லை. இங்கிலாந்தில் பேராசை கொண்ட உரிமையாளர் அளவுக்கு மீறிப் பாரமேற்றிய கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்கின. சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் போராடியதன் பயனாக, 1876இல் கப்பலின் பக்கத்தில் பாரக்கோடு வரையவேண்டும் எனச் சட்டம் பிறந்தது. ஆனால் கோட்டை எங்கே வரைவது என்பதை அச்சட்டம் உரிமையாளர் விருப்பத்திற்கே விட்டது! அதன் இடம் 1890இல்தான் சட்டத்தால் வரையறுக்கப்பெற்றது. சட்டம் இருத்தல் வேறு, அது பயன்படுதல் வேறு என்பதற்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டுமோ?

நம் நாட்டிலும் அவ்வாறே. கப்பற் சரக்கேற்றும் தொழிலாளரை விபத்திலிருந்து காக்கும் சட்டம் 1934இல் இயற்றப்பட்டது. அதற்குரிய விதிமுறைகளோ 1948இல்தான் வந்தன. அதுவரை அறுந்த கயிற்றுக்கும் மூடாத ஹேச்சுக்கும் கேள்வி கேட்பார் இல்லை. அன்றன்று வாயிலில் நின்று, மேஸ்திரி கை காட்டினால் வேலை, இல்லையேல் பட்டினி என்ற நிலை. இந்நிலையை மாற்றவேண்டும் என 1931இலேயே விட்லி ஆணைக்குழு அறிவுறுத்தியிருந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் தொழிலாளர் அமைச்சராக, நம்மவராகிய பாபு ஜகஜீவன்ராம் விளங்கியபோது, 1948இல் கப்பல்துறைத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. அதன்படி சென்னையில் 1953இல் கப்பல்துறைத் தொழிலாளர் வாரியம் அமைந்தது. பெயர் பதிவு, முறைவைத்து வேலை, வேலையில்லாத நாளுக்கும் வருகைப்படி ஆகியன கிடைத்தன. கூலியாயிருந்தவன் தொழிலாளியானான். அவ்வருவாய் சேரிக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. 1986இல் அவர்களது பாதுகாப்பு, உடல்நலம், நல்வாழ்வுக்கெனத் தனிச் சட்டமும் வந்தது.

பெட்டகம் வந்தபின்

1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் எனப்படும் பெட்டகங்களுக்கான தனி முனையம் தொடங்கப்பெற்றது. மூட்டைகள் எங்கோ ஒரு கொட்டகையில் பெட்டகத்துள் அடைபட்டன. பெட்டகத்தைப் பளுதூக்கி எடுத்துக் கப்பலில் வைத்தது. கிடங்கில் இறங்கிய கேங்குகளுக்கு வேலை குறைந்தது. 2001இல் தொழிலாளர் வாரியம் துறைமுகத்தோடு இணைக்கப்பெற்றது. 2011இல் நிலக்கரியும் இரும்புத்தாதும் சென்னைத் துறைமுகத்தை விட்டு நீங்கின.

வேலை குறைந்ததேயன்றி அதற்குரிய அறிவின் தேவை குறையவில்லை, முன்னிலும் மிகுந்தது. 2009இல் மழைக்காலத்தில் நனைந்த இரும்புத்தாதுத் தூளை ஏற்றிய ‘ஏசியன் ஃபாரஸ்ட்’ மங்களூர்க் கடலிலும் ‘பிளாக் ரோஸ்’ பாரதீப்பிலும் கவிழ்ந்தன. ஈரத் தூள் குலுங்கக் குலுங்கச் சேறாகி ஒரு பக்கமாய் ஓடிவிடும். மேலே பார்ப்பவர்க்கோ அது உலர்ந்த மண்போலவே தோன்றும். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ தீப்பற்றி எரிந்து, ஜூனில் மூழ்கியது. அதில் ஒரு பெட்டகத்திலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்தமை முன்பே தெரிந்திருந்தது. அதை இறக்கிக்கொள்ள வழியிலிருந்த இரு துறைமுகங்கள் உடன்படவில்லை. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் இலங்கைக் கடற்கரையை மூடின. மீனவர் பிழைப்பு கெட்டது. மூடிய பெட்டகத்தின் எடையைச் சரிபார்த்து உறுதிசெய்யாமல் கப்பலேற்றக் கூடாது என்னும் உலக விதி நடைமுறைக்கு வந்ததும் 2016 ஜூலையில்தான்.

இளைஞர்க்கு ஒரு சொல்

அன்று கிடங்கில் இறங்கிக் கண்ணால் கண்டு செய்த முடிவை, இன்று கப்பலின் முதன்மை அதிகாரி கணிப்பொறியில் வரைபடமிட்டுச் செய்கிறார். தொழில் ஒன்றே, கருவி வேறு. அதனைச் செய்யும் மக்களும் வேறாகிப் போனமைதான் நம் கவலை. நம் தந்தையர் கையில் இருந்த அறிவு எழுத்தாகவில்லை. எழுத்தாகாத அறிவுக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாதவனை இயந்திரம் வந்த அன்றே வெளியே நிறுத்திவிட்டது.

வழி அடைபடவில்லை. 2008இல் நிறுவப்பெற்ற இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னையிலேயே உள்ளது. மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், கணிதம் பயின்றோர் பொது நுழைவுத் தேர்வெழுதி அங்குக் கப்பலியல் பயிலலாம். மத்தியப் பல்கலைக்கழகமாதலின் தாழ்த்தப்பட்டோர்க்கு இடஒதுக்கீடு உண்டு. இச்செய்தி நம் தெருக்களில் எத்தனை வீடுகளை எட்டியுள்ளது? எட்டச் செய்வது சங்கத்தின் கடமை.

அத்துடன் மற்றொன்றும் செய்தல் வேண்டும். துறைமுகத்தில் உழைத்து ஓய்வுபெற்ற முதியோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். ஒரு குறிப்பேட்டுடன் அவர்களிடம் செல்லுங்கள். எந்தச் சரக்கை எதன்மேல் வைத்தனர், எதை எதனருகே வைக்க மறுத்தனர், எப்போது வேலையை நிறுத்தி மேஸ்திரியோடு வாதிட்டனர் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களது பெயரையும் மறவாமல் எழுதுங்கள். புகாரின் துறையில் தொடங்கிய பெயரின்மை நம் தலைமுறையோடாவது முடியட்டும்.