மார்த்தாண்டத்துத் தேனீக்களின் மழைக்காலம்

குளிர் நாடுகளில் தேனீ வளர்ப்பவர்களுக்கு ஒரு பெரிய கவலை உண்டு. புதிதாக வாங்கிய கூட்டம் பலவீனமாக இருந்தால் பனிக்காலத்தைத் தாண்டுமா என்பதுதான் அது. அங்கே தேனீக்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பந்து போலத் திரண்டு, சேமித்த தேனைத் தின்று, அந்தச் சூட்டில் உயிர் பிழைக்கின்றன. எண்ணிக்கை குறைவென்றால் சூடு போதாது.

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பனியே கிடையாது. அப்படியானால் நம்மூர்த் தேனீக்கு என்ன கஷ்டம்? கஷ்டம் மழையாக வருகிறது. இதைப் புரிந்துகொள்ள கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தின் கதையைப் பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் தேன் எடுப்பது என்றால் அடையை அறுத்துப் பிழிவதுதான். புழுக்களும் சேர்ந்து அழியும். 1851-ல் அமெரிக்காவின் லாங்ஸ்ட்ராத், தேனீக்கள் நடமாட சுமார் 9 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் அதை அவை மெழுகால் அடைப்பதில்லை என்பதைப் பயன்படுத்தி, சட்டங்களைத் தனித்தனியாக வெளியே எடுக்கும் பெட்டியை உருவாக்கினார். ஆனால் அது ஐரோப்பியத் தேனீக்கான அளவு. நம் இந்தியத் தேனீ உருவத்திலும் கூட்டத்திலும் சிறியது. திருச்சி புனித வளனார் கல்லூரியைச் சேர்ந்த பாதிரியார் நியூட்டன், 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதற்கேற்ற சிறிய பெட்டியை வடிவமைத்துப் பலருக்குப் பயிற்சியும் கொடுத்தார். அதுதான் 'நியூட்டன் பெட்டி'.

1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் பணி மையத்தை நடத்தினார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ல்தான். கையில் அதிகம் நிலமில்லாத குடும்பங்களுக்குக் கோழி வளர்ப்பு போலத் தேனீ வளர்ப்பும் ஒரு துணை வருமானமாகக் கற்றுத்தரப்பட்டது.

இங்கே தேனுக்கு முக்கிய ஆதாரம் ரப்பர் மரம். பூ அல்ல, இலை! பழைய இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும்போது இலைக்காம்பின் நுனியில் இனிப்புச் சாறு சுரக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை கொண்டாட்டம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் தேனீ வெளியே போக முடியாது, போனாலும் கிடைப்பது குறைவு. பசித்த இந்தியத் தேனீ செத்துப்போகும்வரை காத்திருக்காது, கூட்டோடு ஓடிப்போய்விடும். காலையில் பார்த்தால் பெட்டி காலி.

அதனால் பலவீனமான கூட்டத்துக்குச் சில கவனிப்புகள் உண்டு. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்த பாகை மாலையில், பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். பகலில் வைத்தால் பக்கத்துக் கூட்டம் திருட வரும். தேனீக்கள் மூடி நிற்க முடியாத காலி அடைகளை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மெழுகு அந்துப்பூச்சி குடியேறும். வாசலைச் சுருக்க வேண்டும். எறும்பு ஏறாமல் இருக்க ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும். அப்படியும் தேறாவிட்டால் இன்னொரு கூட்டத்தோடு சேர்த்துவிடுவதே வழி.

இத்தனை கவனிப்பும் போதாத ஒரு காலமும் வந்தது. தாய்லாந்தில் 1976-ல் கண்டறியப்பட்ட 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் 1991-92-ல் கேரளத்தையும் தமிழகத்தையும் தாக்கியது. புழுக்கள் கூட்டுப்புழு ஆகாமல், நீர் நிரம்பிய பை போலாகிச் செத்தன. பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. தேனையே நம்பியிருந்த வீடுகளில் வெறும் பெட்டிகள்தான் மிஞ்சின.

இந்த வைரஸுக்கு மருந்து கிடையாது. தப்பிப் பிழைத்த கொஞ்சம் கூட்டங்களைக் காப்பாற்றி, அவற்றைப் பிரித்துப் பெருக்கித்தான் தொழில் மெல்ல மீண்டது. ஒவ்வொன்றும் விதைநெல் மாதிரி. பாகு கொடுத்து மழையைத் தாண்டவைக்கும் பழைய பழக்கம் அப்போதுதான் பெரிதாகக் கைகொடுத்தது.

வணிகவியல் மொழியில் சொன்னால் தேன் லாபம், கூட்டம் முதலீடு. மார்ச்சில் லாபத்தை எடுத்தவர், ஜூனில் ஒரு பங்கைச் சர்க்கரையாகத் திருப்பித் தர வேண்டும். தராதவருக்கு அடுத்த ஜனவரியில் முதலும் இருக்காது, லாபமும் இருக்காது.