நெய்வேலிக் கரியும் டைனோசரும்



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு பிள்ளை ஒரு படம் போட்டிருந்தான். டைனோசர் ஒன்று பெட்ரோல் பங்கில் நிற்கிறது. கீழே, "உங்கள் வண்டியில் ஓடுவது நான்தான்" என்று எழுதியிருக்கிறது. சிரித்தேன். ஆனால் அதற்குக் கீழே பெரியவர்களே, "ஆமாம், நிலக்கரியும் அப்படித்தான்" என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நிலக்கரி செடிகொடி மரங்களிலிருந்து வந்தது. மரம் செத்து விழுந்தால் சாதாரணமாக என்ன ஆகும்? கரையான் தின்னும், பூஞ்சை பிடிக்கும், மட்கி மண்ணோடு போகும். ஆனால் விழுந்த இடம் சதுப்பாக இருந்து, தேங்கிய நீருக்குள் காற்றுப் புகாவிட்டால் மட்குவது பாதியிலேயே நின்றுவிடும். அதன்மேல் அடுத்த மரம், அதன்மேல் அடுத்தது என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேரும். அந்தக் கறுப்புச் சேற்றுக்குப் பீட் என்று பெயர். நம் நீலகிரிச் சதுப்புகளில் இன்றும் அது இருக்கிறது. பிறகு நிலம் தாழ்ந்து, ஆறு கொண்டுவரும் மணலும் களிமண்ணும் மேலே படிந்து அழுத்தும்போது நீர் வெளியேறும், சூடு ஏறும், கரியின் பங்கு கூடும். பீட் பழுப்பு நிலக்கரியாகும். இன்னும் ஆழமும் சூடும் காலமும் கிடைத்தால் கறுப்பு நிலக்கரியாகும்.

நெய்வேலியில் இருப்பது பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம்தான். அதனால்தான் அதைத் தொலைதூரம் ஏற்றிச் செல்வது கட்டுப்படியாகாமல், சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே அனல்மின் நிலையம் கட்டினார்கள்.

இப்போது டைனோசருக்கு வருவோம். வங்காளத்து ராணிகஞ்ச் கரி 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. அப்போது டைனோசர் என்ற இனமே பூமியில் தோன்றவில்லை. நெய்வேலிக் கரியின் வயதோ சில கோடி ஆண்டுகள்தான். டைனோசர்கள் அழிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஒரு கரி அவற்றுக்கு முன்னால், இன்னொன்று பின்னால். பாவம், அந்த விலங்குக்கும் நம் மின்சாரக் கட்டணத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை!

ராணிகஞ்சில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1774-லேயே கரி வெட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கரிப்பாறைகளில் நாக்கு வடிவத்தில் ஒரு இலையின் அச்சு நிறையக் கிடைக்கும். அதன் பெயர் குளோசாப்டெரிஸ். இந்த இலையைப் பற்றி வகுப்பில் சொல்லும்போதெல்லாம் தென்துருவம் போன ஸ்காட் குழுவின் கதையையும் சேர்த்துச் சொல்வேன். 1912 பிப்ரவரியில் துருவத்திலிருந்து திரும்பும் வழியில், உணவும் எரிபொருளும் குறைந்துகொண்டிருந்த நிலையிலும், பனியாற்று ஓரப் பாறையில் கல் பொறுக்கினார்கள். ஏறத்தாழ 16 கிலோ கற்கள். அடுத்த சேமிப்புக் கூடாரத்துக்கு 11 மைல் இருக்கையில் கூடாரத்திலேயே இறந்துபோனார்கள். நவம்பரில் தேடிப் போனவர்கள் உடல்களோடு அந்தக் கற்களையும் கண்டெடுத்தார்கள். அதில் இருந்தது அதே குளோசாப்டெரிஸ் இலை. உறைபனிக் கண்டத்திலும் ஒரு காலத்தில் காடு இருந்தது, அது நம் நிலத்தோடு ஒட்டிக்கிடந்தது என்பதற்கு அந்த இலை ஒரு பெரிய சாட்சியாயிற்று. அந்தப் பழைய பெருங்கண்டத்துக்குக் கோண்டுவானா என்று பெயர். நம் நாட்டின் நடுப்பகுதியில் வாழும் கோண்டு மக்களின் நிலத்திலிருந்து வந்த பெயர் அது.

எண்ணெய் வேறு கதை. அது பெரும்பாலும் கடலில் மிதந்த, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களிலிருந்து வந்தது. அவை செத்து, காற்றில்லாத கடலடிச் சேற்றில் படிந்து, பாறையாகி, ஆழத்தில் ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி வரை வெந்தால் எண்ணெய். அதற்கும் மேல் போனால் வாயு. சோறு மாதிரிதான், பதம் தப்பக் கூடாது. பிறகு அந்த எண்ணெய் மேலே ஊறி வந்து, ஊடுருவ முடியாத பாறைக்கடியில் சிக்க வேண்டும். இல்லாவிட்டால் கசிந்து போய்விடும். நம் நரிமணத்தில் எண்ணெய் கிடைப்பது அப்படித்தான்.

எண்ணெய் உயிரிலிருந்துதான் வந்தது என்பதிலும் ஒரு காலத்தில் சண்டை இருந்தது. தனிம அட்டவணை தந்த மெண்டலீவே, பூமிக்குள் இரும்புச் சேர்மங்களும் நீரும் வினைபுரிந்து எண்ணெய் உண்டாகிறது என்றார். 1934-இல் ஜெர்மானிய வேதியியலர் ஆல்ஃபிரட் ட்ரைப்ஸ், எண்ணெய்க்குள் இலைப் பச்சையத்தின் மிச்சமான மூலக்கூறுகளைக் கண்டுபிடித்துக் காட்டினார். மெண்டலீவ் போன்ற மேதையும் தவறலாம் என்பதை நான் பிள்ளைகளிடம் மறைத்ததில்லை.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் நம் தென்னார்க்காட்டில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போட்டார். நீரோடு கறுப்பாக ஏதோ துகள்கள் வந்தன. அவர் அதைத் தள்ளிவிடாமல் அரசுக்குத் தெரிவித்தார். பின்னாளில் இத்திட்டத்துக்கு 620 ஏக்கர் நிலத்தையும் கொடுத்தார். ஆய்வுகள் நடந்து, 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். காமராஜர் முதல்வராக இருந்த காலம். கரி கண்ணில் படவோ 1961 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1962-இல் சோவியத் உதவியோடு மின்சாரம் வந்தது.

ஏன் அவ்வளவு தாமதம்? மேலே 50 மீட்டருக்கும் அதிகமாக மண்ணும் கெட்டியான மணற்பாறையும். அதை வெட்ட ஜெர்மனியிலிருந்து ராட்சதச் சக்கர இயந்திரங்கள் வந்தன. அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். கரிப்படலத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. மேலே உள்ள மண்ணை எடுத்துவிட்டால், கீழிருக்கும் நீர் கரியையே பெயர்த்துக்கொண்டு சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். ஆகவே இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கரியைக் காட்டிக்கொடுத்ததும் நீர்தான், தோண்டவிடாமல் மல்லுக்கு நின்றதும் நீர்தான்.

அந்த நீருக்குத்தான் இன்று விலை கொடுக்கிறார்கள். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் மோட்டார் இல்லாமலே பொங்கி வழிந்த ஊற்றுக் கிணறுகள் இருந்தன. அவை நின்றுபோயின, ஆழ்துளை போட்டும் எட்டவில்லை என்பது விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியதை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த வயலுக்கு முன்பே பணம் கொடுத்தாயிற்று என்றார்கள். இருக்கலாம். கதிர் முற்றும்வரை பொறுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். மின்விளக்கில் உட்கார்ந்துதான் இதைத் தட்டச்சு செய்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

சுரங்கத்துக்காக எழுந்து போன ஊர்கள் பல. புதிய இடத்தில் வீடு கிடைத்தாலும், பழைய ஊரின் ஏரிப் பெயர், தெருப் பெயர், கோயில் பெயர் எல்லாம் வரைபடத்தில் இல்லை. என்னிடம் படித்தவர்களில் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் இருக்கிறீர்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காரவைத்துக் கேட்டு, அந்தப் பெயர்களை எழுதி எனக்கு அனுப்புங்கள். ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன்.