தகட்டில் உறங்கும் பெயர்கள்

ஆயுத பூசை நாள். பெருமாநல்லூர்ச் சாலையோரத்துப் பின்னலாடைக் கூடங்களில் அன்று பொறிகளுக்கு ஓய்வு. தரை கழுவப்படுகிறது, வாயிலில் வாழைக்கன்று நிற்கிறது, பொரியும் கடலையும் பங்கிடப்படுகின்றன. பின்னல் பொறிக்குச் சந்தனம், தையல் பொறிக்குக் குங்குமம், மூலையிலே கிடக்கும் மின்மோட்டாருக்கு மூன்று பட்டைத் திருநீறு! அந்த மோட்டாரின் முதுகிலே ஒரு சிறு தகடு உண்டு. சந்தனம் அப்புவதற்கு வாகான இடம் அதுதான். தகடு மறைகிறது, அதிலே பொறித்த எழுத்துகளும் மறைகின்றன.

மறைந்தவை எவை? 415 வோல்ட். இத்தனை ஆம்பியர். இத்தனை கிலோவாட். 50 ஹெர்ட்ஸ். பொறியோடு பொழுதெல்லாம் பழகும் தொழிலாளத் தோழரைக் கேட்டால், "அது மோட்டாரோட கணக்குங்க" என்பார். கணக்குத்தான்; மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நான்கும் வெறும் கணக்கு மட்டுமல்ல. நான்கு மனிதர்களின் பெயர்கள். ஊனும் உதிரமும் கொண்டு, பசித்தும் தவித்தும், ஐயுற்றும் ஆராய்ந்தும் வாழ்ந்து மறைந்த மனிதர்கள்! இல்லாத தேவதைக்குப் பூசை. இருந்த மனிதனின் பெயர்மீது சந்தனப் பூச்சு. இந்த வேடிக்கையை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

முதற்பெயரை எடுத்துக்கொள்வோம். வோல்ட் என்பது இத்தாலி நாட்டு அலெசாந்திரோ வோல்டாவின் பெயர். அவர் காலத்தில் அதே நாட்டில் லூயிஜி கால்வானி என்றொரு மருத்துவ அறிஞர் இருந்தார். அறுத்து வைத்த தவளையின் கால், உலோகம் பட்டதும் துடிப்பதைக் கண்டார். உயிரின் உடலுக்குள்ளேயே மின்சாரம் உறைகிறது என்றார். வோல்டா முதலில் வியந்தார், பிறகு ஐயுற்றார், சோதித்தார். மின்சாரம் தவளையில் இல்லை, தொட்ட இரு வேறு உலோகங்களில் இருக்கிறது என்று வாதிட்டார். அதை மெய்ப்பிக்க, துத்தநாக வில்லையும் வெள்ளி வில்லையும் மாறி மாறி அடுக்கி, இடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து, 1800இல் உலகின் முதல் மின்கலத்தை அறிவித்தார்.

வாதத்தில் ஒருவர் மற்றவரைச் சபித்தாரா? நாத்திகன் என்றாரா? நாடு கடத்தச் சொன்னாரா? இல்லை. எதிர்வழக்காடிய கால்வானியின் பெயராலேயே 'கால்வனிசம்' என்ற சொல்லை ஆக்கித் தந்தவர் வோல்டா! அச்சொல்லின் வழிவந்ததே 'கால்வனைஸ்' என்னும் சொல். நம் ஊர்க் கிணற்றிலே இறங்கியிருக்கும் ஜி.ஐ. பைப்பில் உள்ள 'ஜி' அந்தக் கால்வானிதான். கிணற்றுக் குழாயில் கால்வானி, கிணற்று மோட்டாரில் வோல்டா. மாறுபட்ட இருவரும் ஒரே உழவனின் வயலுக்கு நீர் பாய்ச்சுகிறார்கள்.

ஆம்பியர் பிரெஞ்சுக்காரர். இவருடைய தந்தையார் 1793இல், புரட்சியின் கொந்தளிப்பில், கில்லட்டினுக்குத் தலை கொடுத்தவர். அந்தத் துயரால் நெடுநாள் செயலிழந்து கிடந்த இளைஞரே பின்னாளில் மின்னோட்டத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவைக் கணக்கிலே பிடித்துக் காட்டினார். வோல்டாவும் ஆம்பியரும் மறைந்த பின்னர், 1881இல் பாரிசில் கூடிய மின்னியல் அறிஞர் மாநாடு அவர்கள் பெயர்களை அளவைகளாக ஏற்றது.

வாட் என்பவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் வாட். கருவி செய்யும் தொழிலாளி. கிளாஸ்கோ நகரில் கடை திறக்கப் போனார். முறைப்படி ஏழாண்டு பயிற்சி பெறாதவன் இங்கே தொழில் நடத்தக் கூடாது என்று அந்நகரத் தொழிற்குழு வழிமறித்தது. பல்கலைக்கழகம் 1757இல் தன் வளாகத்துக்குள் அவருக்கு இடம் தந்தது. அங்கே பழுதுபார்க்க வந்த நியூகோமனின் நீராவிப் பொறி மாதிரிதான் அவர் அறிவுக்கு வேலை கொடுத்தது. நீராவியைத் தனிக்கலத்திலே குளிரவைக்கும் வழியை 1765இல் கண்டார். எரிபொருள் வீணாவது பெரிதும் குறைந்தது. தம் பொறியின் ஆற்றலைக் குதிரையின் உழைப்போடு ஒப்பிட்டு விலைபேசினார். 'அஞ்சு எச்.பி. மோட்டார்' என்று கொங்குநாட்டு உழவர் இன்றும் சொல்லும் குதிரைத் திறன் அவர் வகுத்த அளவு.

ஹெர்ட்ஸ் ஜெர்மானியர். மின்காந்த அலைகள் உண்டென்பதை 1880களின் இறுதியில் சோதனையால் மெய்ப்பித்து, 36 வயதிலேயே மறைந்தவர். அவருடைய தந்தைவழி முன்னோர் யூதர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஆம்பர்க் நகர மன்றத்திலிருந்த அவர் படத்தை அகற்றினார்கள். படத்தை அகற்றினார்கள், பெயரை அகற்ற முடிந்ததா? பிறப்பை அளந்தவர்கள் தொலைந்தார்கள். பெருமாநல்லூர் மோட்டாரில் ஹெர்ட்ஸ் இருக்கிறார்!

இந்தப் பெயர்களுக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு தகட்டோடு முடிந்துவிடவில்லை. மின்கட்டணச் சீட்டில் 'யூனிட்' என்கிறோமே, அது ஒரு கிலோவாட் மணி. ஆயிரம் வாட் ஆற்றலை ஒரு மணி நேரம் செலவிட்டால் ஒரு யூனிட். கவலை இறைத்து மாடும் மனிதனும் நைந்த மண்ணிலே, மோட்டார் வந்தபின் உழவனின் வாழ்வு யூனிட்டால் அளக்கப்பட்டது. அந்த யூனிட்டின் விலை உயர்ந்தபோது கொங்குநாட்டு உழவர் கொதித்தெழுந்தனர். 1970 ஜூன் 19 அன்று, மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்திலே, இதே பெருமாநல்லூரில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு மூன்று உழவர்கள் இரையானார்கள். அளவை என்பது ஏட்டிலே உறங்கும் செய்தியல்ல. அதற்கு இந்த மண்ணிலே உயிர் விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. எதற்காகப் பணம் தருகிறோம், எவ்வாறு அது அளக்கப்படுகிறது என்று அறிவதும் உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதியே.

இனி நூலுக்கும் துணிக்கும் வருவோம். காலர்த் துணியிலே பூவும் கோடும் பின்னும் வேலையை 'ஜக்கார்டு' என்கிறோம். லியோன் நகரத்து நெசவாளியின் மகன் ஜோசப் மாரி ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு எந்த இழை எழ வேண்டும், எந்த இழை தாழ வேண்டும் என்று தறிக்கே சொல்லித்தரும் அமைப்பை 1804இல் உருவாக்கினார். துளை இருந்தால் ஒரு செயல், இல்லையேல் மறுசெயல். இந்த எண்ணமே பின்னர்க் கணக்கிடும் பொறிகளுக்குத் துளை அட்டையைத் தந்தது. இன்று கணினித் திரையிலே வடிவம் வரைந்து பின்னல் பொறிக்கு அனுப்பும் திருப்பூர் இளைஞன், தறியிலிருந்து புறப்பட்ட எண்ணம் தறிக்கே திரும்பி வந்ததைக் காண்கிறான்.

'மெர்சரைஸ்' செய்த நூல் என்கிறோமே, பட்டுப்போல் மின்னுகிற பருத்தி, அதிலிருப்பது ஜான் மெர்சர் என்ற பெயர். இங்கிலாந்தின் லங்காஷயரில் 1791இல் பிறந்து, சிறுவயதிலேயே நூல் சுற்றும் வேலைக்குப் போய், கைத்தறி நெய்து, வேதியியலைத் தாமே கற்றவர். காஸ்டிக் சோடாக் கரைசலைப் பருத்தித் துணியில் வடிகட்டும்போது துணி சுருங்கித் தடித்ததை 1844இல் கண்டார். 'துணி கெட்டது' என்று எறிந்துவிடவில்லை. ஏன் என்று கேட்டார். சாயம் நன்கு பிடிக்கும் துணி கிடைத்தது. இழையை இழுத்துப் பிடித்தபடி அதே கரைசலில் நனைத்தால் மினுமினுப்பு வரும் என்பதைப் பின்வந்த லோ என்பவர் கண்டார்.

இங்கே நின்று ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்க வேண்டும். 'மெர்சர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் என்ன? துணி வணிகன்! தொழிலால் வந்த குடிப்பெயர்தான் அது. நம் ஊரிலே நாள்தோறும் கோடிக்கணக்கில் பணம் புரளக் காரணமான 'பனியன்' என்ற சொல்லுக்கு மூலம் என்ன? குஜராத்தி மொழியில் வணிக வகுப்பாரைக் குறித்த 'வாணியோ' என்னும் சொல், போர்த்துகீசியர் வாயிலும் ஆங்கிலேயர் வாயிலும் புகுந்து 'பனியன்' ஆயிற்று. அவ்வணிகர் உடுத்த தளர்ந்த மேலாடையைப் போன்ற ஆடைக்கு அப்பெயரை ஆங்கிலேயர் வைத்தனர். பின்னர் இங்கே உள்ளாடையைக் குறித்தது. ஆக, மெர்சரும் பனியனும் பிறந்த இடம் ஒன்றே: வணிகனின் பெயர். ஆனால் அங்கே மெர்சர் குடும்பத்தில் பிறந்தவன் துணி விற்றே தீர வேண்டும் என்று கட்டில்லை; நெய்தான், படித்தான், வேதியியல் கண்டான், அவன் செயலால் அவன் பெயர் வினைச்சொல் ஆயிற்று. இங்கே குடிப்பெயர் குலமாக இறுகியது. குலம் தொழிலைக் கட்டியது. தொழில் மனிதனைக் கட்டியது. பெயரில் இல்லை பேதம். பெயரைப் பூட்டாக்கிய முறையிலே இருக்கிறது.

நம் மொழியிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொற்கள் பல. கட்டுமரம் 'கட்டமரான்' ஆனது. சுருட்டு 'செரூட்' ஆனது. முதலில் கட்டுமரம் கட்டியவன் யார்? அலையை அறிந்து மரத்தைப் பிணைத்த அந்த அறிவாளியின் பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை. இன்னொரு சொல்லும் தமிழகத்திலிருந்து போயிற்று. பறை என்னும் இசைக்கருவியின் பெயரால் அமைந்த ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர், ஆங்கிலத்தில் 'பரையா' என்று வழங்கி, 19ஆம் நூற்றாண்டில் 'எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன்' என்ற பொதுப்பொருளைப் பெற்றது. இன்றும் ஆங்கில ஏடுகள் கூச்சமின்றி அச்சொல்லை ஆள்கின்றன. ஸ்காட்லாந்துத் தொழிலாளியின் பெயர் ஆற்றலுக்கு அளவாயிற்று. தமிழ் உழைப்பாளி மக்களின் பெயர் இழிவுக்கு அளவாயிற்று! சொல்லை ஏற்றுமதி செய்தவர்கள் வெள்ளையர். அச்சொல்லுக்குள் இழிவை அடைத்து வைத்தவர்கள் யார்? இங்கிருந்த சாதி முறையன்றோ!

பூட்டை உடைத்தவர்களும் நம் நாட்டில் உண்டு. கிழக்கு வங்கச் சிற்றூரில் எளிய கடைக்காரர் மகனாக 1893இல் பிறந்த மேக்நாத் சாகா, கல்கத்தா மாணவர் விடுதியிலே சாதி காரணமாக ஒதுக்கப்பட்டார். விண்மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பநிலையை உய்த்துணர உதவும் சமன்பாட்டை 1920இல் தந்தார். இன்று உலகெங்கும் அது 'சாகா சமன்பாடு'. அதே 1893இல் கோவைப் பகுதியில் பிறந்த ஜி.டி. நாயுடு, பள்ளிப் படிப்பு பெரிதும் இல்லாமலே, பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து 1937இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் உருவாக வழிசெய்தார். 2025இல் கோவை அவினாசி சாலையின் மேம்பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டபோது, பெயரின் வாலில் ஒட்டியிருந்த சாதி குறித்து விவாதம் எழுந்தது. அறிவைப் போற்றுமிடத்திலும் வால் வந்து காலை இடறுகிறது!

ஒன்றை மறந்துவிடக் கூடாது. தேவதையை இறக்கிவிட்டு வாட்டை அந்தப் பீடத்தில் ஏற்றுவதல்ல பகுத்தறிவு. நீராவிப் பொறியை வாட் முதன்முதலில் படைக்கவில்லை. அவருக்கு முன்னே நியூகோமன் இருந்தார். செல்சியஸ் 1742இல் வகுத்த அளவில் நீர் கொதிக்கும் நிலை 0, உறையும் நிலை 100. அதைத் தலைகீழாகத் திருப்பி நமக்குத் தந்தவர்கள் பின்வந்தவர்கள். ஒரு பெயருக்குப் பின்னே பெயரில்லாதார் பலர் நிற்கிறார்கள். பெண்கள் பெயரோ மிகச் சில. ஆகவே பெயரை வணங்க வேண்டாம். பெயரைத் திறந்து பார்க்க வேண்டும். அதனுள்ளே ஒரு கேள்வி இருக்கும். கேள்வி கேட்ட ஒரு மனிதன் இருப்பான்.

பெருமாநல்லூர் இளைஞனே! அடுத்த ஆயுத பூசைக்குக் கூடத்தைக் கழுவு. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கு. பொரியும் கடலையும் தோழர்களோடு பகிர்ந்து உண். ஈரத்துணி ஒன்றை எடுத்து மோட்டார்த் தகட்டையும் துடை. பக்கத்தில் நிற்கும் சிறுவனுக்கு அந்த நான்கு பெயர்களைப் படித்துக் காட்டு. "இவங்க எல்லாம் யாருங்கண்ணா?" என்று அவன் கேட்பான். அந்தக் கேள்வி எழுந்த இடத்தில்தான் அறிவு தொடங்குகிறது.